கை மாறி கை மாறிப் போற பி12: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல ஒரு சின்ன பத்தி எழுதியிருந்தேன். வைட்டமின் வயித்துக்குள்ள போனதும் தானா ரத்தத்துல கலந்துடறதில்ல, ஒவ்வொண்ணையும் புடிச்சு அடுத்த இடத்துக்கு ஒப்படைக்க புரோட்டீன்கள் வரிசையா நிக்குது, எந்த புரோட்டீன் எதோட சேருதுன்னு இப்ப கம்ப்யூட்டர்ல வலை மாதிரி மேப் போட்டு பாக்கறாங்க, அந்த சேர்க்கைக்கு சுருக்கமா பிபிஐன்னு பேருன்னு. அதுக்கு வந்த கேள்விகள்ல முக்கால்வாசி பி12 பத்திதான், அதனால இந்த தடவை பெரும்பாலும் பி12 பக்கமே நிக்கிறேன்.

கேள்வி: எங்க அம்மாவுக்கு 63 வயசு, சுத்த சைவம். பி12 டெஸ்ட்ல 120 வந்துச்சு. ஆறு மாசமா தினமும் ஒரு சத்து மாத்திரை குடுக்கறோம், இப்ப பாத்தா 150 தான். மாத்திரை டூப்ளிகேட்டா இருக்குமோ? (கும்பகோணம் வாசகி)

மாத்திரைய சந்தேகப்படறதுக்கு முன்னாடி அது போற வழிய ஒரு தடவை பாத்துடலாம்ங்க. வீட்டுக்கு தளம் போடற அன்னிக்கு பாத்திருப்பீங்க, கீழ கலவைய அள்ளி போட ஒருத்தர், சட்டிய தூக்கி குடுக்க ஒருத்தர், சாரத்துல நின்னு வாங்கி மேல நீட்ட ரெண்டு பேர், கொட்டறதுக்கு ஒருத்தர்னு ஆள் வரிசையா நிப்பாங்க, நடுவுல ஒரே ஒரு ஆள் டீ குடிக்க போயிட்டாலும் கீழ மலை மாதிரி கலவை இருந்தும் மேல ஒரு சட்டி ஏறாது. பி12 கதையும் அதேதான்.

சாப்பாட்டுல இருக்கற பி12 அந்த சாப்பாட்டோட புரோட்டீன்ல ஒட்டிக்கிட்டு இருக்கும். வயித்து ஆசிடும் பெப்சினும் சேந்து அத பிரிச்சு விடணும். பிரிஞ்ச உடனே எச்சில்ல இருந்து வந்த ஹாப்டோகோரின்ங்கற புரோட்டீன் அத புடிச்சுக்கும். சிறுகுடல் ஆரம்பத்துல கணையத்து என்சைம் வந்து ஹாப்டோகோரினை வெட்டிப் போட்டதும் பி12 இன்ட்ரின்சிக் ஃபேக்டர் கைக்கு மாறும், இந்த ஃபேக்டர சுரக்கறது வயித்து சுவர்ல இருக்கற செல்கள். அப்புறம் கிட்டத்தட்ட சிறுகுடல் முழுக்க நடந்து கடைசி பகுதியில கியூபிலின்னு ஒரு பெரிய புரோட்டீன் கிட்ட போய் சேரணும், அது இன்ட்ரின்சிக் ஃபேக்டரோட சேத்துதான் பி12ஐ உள்ள இழுக்கும். உள்ள போனதும் ஃபேக்டர் கரைஞ்சுடும், பி12 டிரான்ஸ்கோபாலமின்ங்கற இன்னொரு புரோட்டீன் மேல ஏறி ரத்தத்துக்கு வரும். இவ்வளவும் ரத்தத்துக்கு வர்ற வரைக்கும்தான், செல்லுக்குள்ள நுழையறது இனிமேதான் இருக்கு.

இப்ப உங்க அம்மா மாத்திரைக்கு வருவோம். அட்டையில பி12 எத்தனை மைக்ரோகிராம்னு பாருங்க. பி காம்ப்ளக்ஸ், மல்டிவைட்டமின் வகையில பி12 கொஞ்சமாத்தான் இருக்கும். இன்ட்ரின்சிக் ஃபேக்டர் வழியா ஒரு தடவைக்கு ஒண்ணரை, ரெண்டு மைக்ரோகிராம்தான் உள்ள போக முடியும், கதவு அவ்வளவுதான். அந்த ஃபேக்டரே இல்லாதவங்களுக்கு அதுவும் போகாது. ஆனா 1000, 1500 மைக்ரோகிராம் மாத்திரையில நூத்துல ஒரு பங்கு எந்த புரோட்டீன் துணையும் இல்லாம தானா கசிஞ்சு உள்ள போயிடும், 1000ல ஒரு பங்குன்னா 10 மைக்ரோகிராம், ஒரு நாள் தேவை ரெண்டு ரெண்டரைதான், அதனால அளவு பெருசா குடுத்தா பல பேருக்கு வேலை செய்யுது. அதனால டாக்டர்கிட்ட மூணு விஷயம் கேளுங்க. மாத்திரை அளவு போதுமா, இன்ட்ரின்சிக் ஃபேக்டருக்கு எதிரா உடம்பு ஆன்டிபாடி தயார் பண்ணுதான்னு டெஸ்ட் எடுக்கணுமா, கொஞ்ச நாள் ஊசி போடணுமா.

எங்க அம்மா கதைய இங்க சொல்லியே ஆகணும். ரெண்டு வருஷமா பாதம் எரியுதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க, ஒரு கிளினிக்ல சுகர்னாலன்னு சொன்னாங்க, இன்னொரு இடத்துல வயசாச்சுன்னாங்க. ஒரு நாள் கடைத்தெருவுல நடந்து வரும்போது ஒரு கால் செருப்பு கழண்டு பின்னாடி கெடக்குது, அம்மா வெறுங்கால்ல பத்து பதினஞ்சு அடி வந்துட்டாங்க, கழண்டதே தெரியல. தரைய கால் உணரல. அப்புறம் பாத்த ஒரு டாக்டர் அம்மா நாக்க நீட்ட சொன்னாங்க, சொரசொரப்பே இல்லாம மழுமழுன்னு செவப்பா இருந்துச்சு. சுகருக்கு மெட்ஃபார்மின் ஒன்பது வருஷமா சாப்பிடறவங்க, அத ரொம்ப நாள் எடுத்தா பி12 உறிஞ்சறது குறையும், அந்த ஒன்பது வருஷத்துல ஒருத்தரும் பி12 பாக்கல. ஊசி போட்டு எரிச்சல் குறைஞ்சுது, ஆனா பாதத்து உணர்ச்சி முழுசா திரும்பல. அதனாலதான் இந்த வரிசைய பத்தி நான் விடாம எழுதறேன்.

கேள்வி: டாக்டர் எனக்கு பிபிஐ மாத்திரை எழுதியிருக்கார். நீங்களும் பிபிஐ பிபிஐன்னு எழுதறீங்க. ரெண்டும் ஒண்ணா? (சேலம் வாசகர்)

இல்லைங்க, எழுத்து மட்டும்தான் ஒண்ணு. உங்க டாக்டர் சொன்னது புரோட்டான் பம்ப் இன்ஹிபிட்டர், பான்டோபிரசோல் ஒமெப்ரசோல் மாதிரி, வயித்து ஆசிட குறைக்கறது. நான் எழுதினது புரோட்டீன் புரோட்டீன் இன்டராக்‌ஷன், ஒரு புரோட்டீன் இன்னொண்ணோட சேந்து வேலை செய்யறது. ஆனா பி12 விஷயத்துல ரெண்டும் ஒரு இடத்துல சந்திக்குது. மேல சொன்ன வரிசையில முதல் வேலையே ஆசிட் செய்யறதுதான், அந்த மாத்திரைய வருஷக்கணக்கா எடுத்தா சாப்பாட்டுல இருந்து பி12 பிரியறது குறையலாம். நீங்களா நிறுத்திடாதீங்க, ரெண்டு மூணு வருஷமா எடுக்கறீங்கன்னா பி12 ஒரு தடவை பாக்கலாமான்னு கேளுங்க.

கேள்வி: எம்எஸ்சி பயோடெக் கடைசி வருஷம் படிக்கறேன். எங்க காலேஜ்ல லேப் வசதி கம்மி. பி12 பத்தி நெட்வொர்க் ப்ராஜெக்ட் பண்ணுன்னு கைடு சொல்லிட்டாங்க. புரோட்டீன் சேர்க்கைகள தொகுத்து வச்ச ஸ்ட்ரிங் டேட்டாபேஸ்ல ஒரு பேர போட்டா படம் வருது, அதுக்கப்புறம் என்ன பண்ணணும்னு தெரியல. (மதுரை மாணவி)

லேப் இல்லன்னு வருத்தப்படாதம்மா, இது நிஜமாவே ஒரு லேப்டாப்ல பண்ணக்கூடிய வேலைதான். ஆனா படம் வந்துடுச்சுன்னு அதோட நிறுத்திடற ப்ராஜெக்ட் நெறைய பாத்துட்டேன், உன்னோடது அப்படி ஆகக் கூடாது.

முதல்ல ஒண்ண புரிஞ்சுக்கோ, அந்த மேப்ல ஒவ்வொரு புள்ளியும் ஒரு புரோட்டீன், அதுல பி12 இருக்காது. பி12 புரோட்டீன் இல்ல, அதனால அதுக்கு புள்ளியே கிடையாது, அத தொடற கைகள் மட்டும்தான் தெரியும். அதனால ஆரம்பிக்கும்போதே அந்த கைகள் யார் யாருன்னு நீயே ஒரு லிஸ்ட் போடணும். ஹாப்டோகோரினுக்கு டிசிஎன்1, இன்ட்ரின்சிக் ஃபேக்டர், கியூபிலின், அதுக்கு செல் மேல புடிமானம் குடுக்கற அம்னியான்லெஸ், ரத்தத்துல டிரான்ஸ்கோபாலமினுக்கு டிசிஎன்2, செல் வாசல்ல சிடி320, செல்லோட ஜீரணப் பை மாதிரி இருக்கற லைசோசோம்ல இருந்து வெளிய விடற எல்எம்பிஆர்டி1 அப்புறம் ஏபிசிடி4, சைட்டோபிளாசத்துல எம்எம்ஏசிஹெச்சி, எம்எம்ஏடிஹெச்சி, கடைசியில வேலை செய்யற ரெண்டு என்சைம் அதுங்களோட உதவியாளுங்க. மொத்தம் பதினஞ்சு கிட்ட வரும். ரியாக்டோம்ங்கற டேட்டாபேஸ்ல கோபாலமின் (பி12தான் அது) பாதைன்னு தனியாவே இருக்கு, அதோட ஒப்பிட்டு பாத்துக்கோ. ஜீன் பேரு மாறியிருக்கும், கவனம், இன்ட்ரின்சிக் ஃபேக்டர் ஜீனுக்கு முன்னாடி ஜிஐஎஃப்னு பேரு, இப்ப சிபிஎல்ஐஎஃப். பழைய பேப்பர படிச்சுட்டு பழைய பேர எக்செல் ஷீட்ல வச்சேன்னா ஒரு ஜீனே காணாம போயிடும்.

அடுத்தது கோடு. ஸ்ட்ரிங்ல ரெண்டு புள்ளிக்கு நடுவுல கோடு வந்தா அந்த ரெண்டும் தொட்டுக்குதுன்னு அர்த்தம் இல்ல. ஒரே கோட்டுக்குள்ள பல நிற இழை இருக்கும், ரோஸ் கலர் இழை சோதனை பண்ணி பாத்தது, மஞ்சளா இருக்கறது பேப்பருங்கள்ல ரெண்டு பேரும் சேந்து வந்திருக்குன்னு மெஷின் படிச்சு சொன்னது, கறுப்பு ரெண்டு ஜீனும் சேந்து ஏறி இறங்குதுன்னு சொல்றது. ஹாப்டோகோரினையும் இன்ட்ரின்சிக் ஃபேக்டரையும் எடுத்துக்கோ, பி12 பத்தின எல்லா பேப்பர்லயும் ரெண்டு பேரும் பக்கத்து பக்கத்துல வருவாங்க, ஆனா ஒண்ணு வெட்டுப்பட்ட அப்புறம்தான் இன்னொண்ணு கைக்கு பி12 போகுது, ரெண்டும் ஜோடியா ஒட்டிக்கிட்டு நிக்கறதில்ல. அதனால செட்டிங்ஸ்ல ஃபிசிக்கல் நெட்வொர்க்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, அத போட்டு ஒரு தடவை, போடாம ஒரு தடவை எடு. கோட்ட எவ்வளவு நம்பலாம்னு சொல்ற ஸ்கோர் தானா 0.4ல இருக்கும், 0.7க்கு ஏத்தி பாரு. எத்தனை கோடு உதிருதுன்னு எண்ணி எழுதினாலே உன் ரிப்போர்ட்ல நல்ல ஒரு டேபிள் கெடச்சுடும்.

அப்புறம் சைட்டோஸ்கேப்னு வலை வரையற சாஃப்ட்வேர்ல கொண்டு போய் எதுக்கு அதிக கோடுன்னு பாக்கறது எல்லாரும் பண்றது. நீ அதோட இன்னொண்ணு பண்ணு. உன் பதினஞ்சு ஜீனுக்கு பதிலா, அதே அளவு கோடு உள்ள வேற பதினஞ்ச கண்ண மூடிக்கிட்டு எடுத்து அதே கணக்க போடு, ஆயிரம் தடவை, பைத்தான்ல சின்ன லூப்தான். உன் பி12 கூட்டம் அந்த ஆயிரத்துல இருந்து விலகி நின்னாத்தான் நீ கண்டுபுடிச்சேன்னு சொல்லலாம், இல்லன்னா அது எந்த பதினஞ்ச எடுத்தாலும் வர்ற படம். வைவால கேப்பாங்க, உறுதியா கேப்பாங்க.

கடைசியா எந்த புரோட்டீன் எந்த உறுப்புல இருக்குன்னு ஹியூமன் புரோட்டீன் அட்லஸ்ல பாத்து பக்கத்துல எழுதிக்கோ. மேப் எல்லாத்தையும் ஒரே தாள்ல போட்டுடும், ஆனா ஒண்ணு வயித்துல, ஒண்ணு ரத்தத்துல, ஒண்ணு மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ள.

கேள்வி: எந்த புரோட்டீன் எதோட சேருதுன்னு இவங்களுக்கு எப்படி தெரியும்? கண்ணால பாக்கற விஷயமா அது? (ஈரோடு, ஓய்வு பெற்ற ஆசிரியர்)

சார், அழகான கேள்வி. கண்ணால பாக்கறதில்ல, பொறி வச்சு புடிக்கறதுதான். 1989ல ஸ்டான்லி ஃபீல்ட்ஸ், ஓக்கியூ சாங்னு ரெண்டு பேர் ஈஸ்ட வச்சு ஒரு வழி கண்டுபுடிச்சாங்க, ஆமா ரொட்டி உப்ப வைக்கற அதே ஈஸ்ட். ஒரு ஜீன ஆன் பண்ற சுவிட்ச் புரோட்டீன ரெண்டா பிரிச்சு, ஒரு பாதிய சோதிக்க வேண்டிய புரோட்டீன்ல ஒட்டினாங்க, மறு பாதிய இன்னொரு புரோட்டீன்ல. சோதிக்கற ரெண்டும் சேந்துச்சுன்னா சுவிட்சோட ரெண்டு பாதியும் பக்கத்துல வந்துடும், ஜீன் ஆன் ஆகும், ஈஸ்ட் நிறம் காட்டும் இல்லன்னா வளந்து காட்டும். இதே முறைய பெருசாக்கி 2020ல வெளியான மனித புரோட்டீன் மேப்ல 8,000க்கு மேல புரோட்டீனும் 50,000க்கு மேல ஜோடியும் இருந்துச்சு. இன்னொரு வழி தூண்டில் மாதிரி, ஒரு புரோட்டீனுக்கு வால் மாதிரி ஒண்ண ஒட்டி செல்லுக்குள்ள விட்டு, அப்புறம் அந்த வால புடிச்சு வெளிய இழுத்தா கூட யார் யார் ஒட்டிக்கிட்டு வர்றாங்கன்னு, எடைய வச்சு அடையாளம் காட்டற மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்ல பாக்கறது.

ஆனா வைட்டமின்காரங்க இத படிக்கும்போது ஒண்ண மறக்கக் கூடாது சார். ஈஸ்ட் சோதனை நடக்கறது ஈஸ்ட்டோட நியூக்ளியஸுக்குள்ள. இன்ட்ரின்சிக் ஃபேக்டரோ செல்லுக்கு வெளிய சுரக்கற புரோட்டீன், மேல சர்க்கரை தொங்கும். கியூபிலின் 3,623 அமினோ ஆசிட் நீளம், அது பி12 மூட்டைய புடிக்க கால்சியம் வேணும். இதுங்க ரெண்டும் ஈஸ்ட் நியூக்ளியஸுக்குள்ள ஒழுங்கா மடிஞ்சு கைகோக்கும்னு எதிர்பாக்க முடியாது. அதனால செல்லுக்குள்ள நடக்கற சேர்க்கை மேப்ல நல்லா வரும், குடல்ல ரத்தத்துல நடக்கறது ஓட்டை ஓட்டையா இருக்கும். கியூபிலினும் இன்ட்ரின்சிக் ஃபேக்டரும் எப்படி பொருந்துதுன்னு தெளிவா தெரிஞ்சது இந்த மாதிரி மொத்தமா வலை வீசினதுல இல்ல, 2010ல ரெண்டையும் சேத்து படிகமாக்கி எக்ஸ்ரே வச்சு வடிவத்த பாத்தப்பதான்.

அதுக்கும் முன்னாடி, நெட்வொர்க்கும் இல்ல ஒண்ணும் இல்லாத காலத்துல, வில்லியம் காசில்னு பாஸ்டன் டாக்டர் பண்ணினத கேளுங்க. அரைவேக்காடு மாட்டுக்கறிய அவரே சாப்பிட்டு, ஒரு மணி நேரம் கழிச்சு தன் வயித்துல இருந்து அத வெளிய எடுத்து, பி12 ஏறாததால வர்ற கடும் ரத்தசோகை நோயாளிக்கு குழாய் வழியா குடுத்தார். நோயாளி தேறினார். அதே கறிய நேரா குடுத்தப்ப தேறல. அப்போ ஆரோக்கியமான வயித்துக்குள்ள ஏதோ ஒண்ணு சேருதுன்னு 1929ல எழுதினார், இன்ட்ரின்சிக்ன்ற பேரே அங்கிருந்துதான், உள்ளிருந்து வர்றதுன்னு. பி12ஐ தனியா பிரிச்சு எடுத்ததே 1948லதான். சரக்கு என்னன்னு தெரியறதுக்கு கிட்டத்தட்ட 20 வருஷம் முன்னாடி அத தூக்கற கை இருக்குன்னு சொல்லிட்டார் அந்த மனுஷன், எனக்கு இத நெனைக்கும்போதெல்லாம் புல்லரிக்கும்.

கேள்வி: பி12 மாத்திரையில மெத்தில்கோபாலமின் வகை நேரா உடம்புல சேரும், சயனோகோபாலமின் வகைய உடம்பு மாத்திக்கணும், அதனால மெத்தில்தான் உசத்தின்னு கம்பெனி ரெப் சொல்றார். கடைக்கு வர்றவங்க கேக்கறாங்க, என்ன சொல்றது? (கோவை, மருந்துக்கடைக்காரர்)

நேரா சேரும்ங்கறது தப்புங்க. செல்லுக்குள்ள லைசோசோம விட்டு பி12 வெளிய வந்ததும் எம்எம்ஏசிஹெச்சின்னு ஒரு புரோட்டீன் அத வாங்கும். வாங்கினதும் தலையில என்ன மாட்டியிருக்கோ அத கழட்டிடும், சயனைடு இருந்தா சயனைடு, மெத்தில் இருந்தா மெத்தில். கழட்டின மொட்டை பி12 தான் அடுத்த கைக்கு போகுது, அங்க தேவைக்கு ஏத்த மாதிரி புதுசா மாட்டிக்குது. அதாவது நீங்க காசு கூட குடுத்து வாங்கின மெத்திலும் வாசல்லயே கழண்டுடுது. சயனைடுன்னு பேர கேட்டு பயப்படவும் வேண்டாம், அளவு ரொம்ப சின்னது, ரொம்ப நாளா பழக்கத்துல இருக்கற மருந்து அது. எம்எம்ஏசிஹெச்சி பழுதா பொறந்த குழந்தைகளுக்கு மட்டும் விஷயம் வேற, அவங்களுக்கு ஹைட்ராக்ஸோகோபாலமின்ங்கற வேற வகை பி12 ஊசிதான் குடுப்பாங்க, அத அவங்க டாக்டர் பாத்துப்பார். சாதாரண குறைபாட்டுக்கு வர்றவங்ககிட்ட, டாக்டர் எழுதினத விடாம சாப்பிடுங்கன்னு சொல்லுங்க.

கேள்வி: இந்த வலை, மேப், புள்ளி, கோடு இதனால எந்த நோயாளிக்காவது நிஜமா ஏதாவது நடந்திருக்கா? (திருநெல்வேலி வாசகர்)

நடந்திருக்கு, எனக்கு ரொம்ப புடிச்ச கதை இது, கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

எம்எம்ஏசிஹெச்சி கெட்டுப்போனா வர்ற நோய்க்கு சிபிஎல்-சின்னு பேரு, பெரும்பாலும் குழந்தை பொறந்த கொஞ்ச நாள்லயே தெரியும், பி12 வேலை நடக்காதப்ப தேங்கற ஹோமோசிஸ்டீனும் மெத்தில்மலோனிக் ஆசிடும் ரத்தத்துல ஏறும். சில ஆண் குழந்தைகளுக்கு அதே மாதிரி லேப் ரிசல்ட், கூடவே அடக்க முடியாத வலிப்பு, வளர்ச்சி ரொம்ப பின்னாடி. ஆனா எம்எம்ஏசிஹெச்சி ஜீன எழுத்து எழுத்தா படிச்சு பாத்தா ஒரு தப்பும் இல்ல. வரிசையில நிக்கற ஆள் நல்லா இருக்கார், ஆனா சட்டி ஏறல. 2013ல தெரிஞ்சுது, தப்பு எக்ஸ் குரோமோசோம்ல இருக்கற எச்சிஎஃப்சி1ன்ற ஜீன்ல. இந்த புரோட்டீன் பி12ஐ தொடறதே இல்ல. ஹெர்பீஸ் வைரஸ் எப்படி செல்ல கைப்பத்துதுன்னு ஆராய்ச்சி பண்ணினவங்களுக்கு பல வருஷம் முன்னாடியே பழக்கமானது அது. எம்எம்ஏசிஹெச்சி ஜீன ஆன் பண்ற வேலையில அதுக்கு பங்கு இருக்கு, அது பழுதானா எம்எம்ஏசிஹெச்சி போதுமான அளவு தயாராகறதில்ல. ஆள் நல்லவர்தான், அவர வேலைக்கு கூப்பிடற மேஸ்திரி வரல.

எச்சிஎஃப்சி1 தனியா டிஎன்ஏவ புடிக்காது, அதுக்கு கூட்டாளிங்க வேணும், தாப்11னு ஒண்ணு, இசட்என்எஃப்143னு ஒண்ணு. இந்த மூணும் சேந்து வேலை செய்யுதுங்கறது பி12க்கு சம்பந்தமே இல்லாத ஆராய்ச்சியில ஏற்கனவே பதிவாகியிருந்துச்சு. அறிகுறி எல்லாம் அதே மாதிரி, ஆனா எச்சிஎஃப்சி1லயும் தப்பு இல்லன்னு குழந்தைங்க மிச்சம் இருந்தாங்க. அப்போ கூட்டாளிங்கள பாருன்னு பாத்தாங்க. 2016ல ஒரு நோயாளிக்கு இசட்என்எஃப்143ல மாற்றம் இருக்கறதா பேப்பர் வந்துச்சு, 2017ல இன்னொரு குழந்தைக்கு தாப்11ல. கிட்டத்தட்ட 20,000 ஜீன்ல எங்க தேடறதுன்னு தெரியாம நிக்கறதுக்கும், இந்த ரெண்டு வீட்டு கதவ தட்டுன்னு தெரியறதுக்கும் எவ்வளவு வித்தியாசம் பாருங்க. அந்த குழந்தைங்க குணமாயிட்டாங்கன்னு நான் சொல்லல, மூளை பாதிப்பு பி12 ஊசியில மட்டும் சரியாகற வகை இல்ல. ஆனா என்ன நோய்னே தெரியாம அலையற பெத்தவங்களுக்கு ஒரு பேர் கெடைக்கறது, அடுத்த பிள்ளைக்கு வருமான்னு கணக்கு சொல்ல முடியறது, இது சின்ன விஷயம் இல்லைங்க.

கேள்வி: அதிக கோடு உள்ள புரோட்டீன்தானே முக்கியம்? அதுக்கு மருந்து கண்டுபுடிச்சா போதாதா? (ஓசூர் வாசகர்)

அவசரப்படாதீங்க. ஈஸ்ட்ல அதிக கோடு உள்ள புரோட்டீன எடுத்துட்டா ஈஸ்ட் சாகறதுக்கு வாய்ப்பு அதிகம்னு 2001லயே ஒரு பேப்பர் வந்துச்சு, அதுல இருந்து எல்லாரும் அப்படிப்பட்ட மையப் புள்ளிய ஹப் ஹப்னு சொல்லி ஓடறாங்க. ஆனா கேன்சர்ல பேர் வாங்கின புரோட்டீனுக்கு கோடு அதிகமா இருக்கறதுக்கு ஒரு காரணம், உலகம் முழுக்க அதையே ஆராய்ச்சி பண்றாங்கங்கறது. அம்னியான்லெஸுக்கு கோடு கம்மி. ஆனா அது இல்லன்னா கியூபிலினுக்கு செல் மேல நிக்க புடிமானமே இல்ல, பி12 உள்ள வராது.

எம்எம்ஏடிஹெச்சி இன்னும் நல்ல உதாரணம். எம்எம்ஏசிஹெச்சி கிட்ட பி12ஐ வாங்கி ரெண்டு பக்கமா பிரிச்சு அனுப்பற முனையில நிக்குது அது, ஒரு ரோடு சைட்டோபிளாசத்துல மெத்தியோனின் சிந்தேஸ்ங்கற என்சைமுக்கு, இன்னொண்ணு மைட்டோகாண்ட்ரியாவுல இருக்கற வேற ஒரு என்சைமுக்கு. நம்ம உடம்புல பி12 வேலை செய்யற இடமே இந்த ரெண்டு என்சைம்தான், மூணாவது இல்ல. அந்த ஜீன்ல தப்பு எந்த பகுதியில இருக்குங்கறத பொறுத்து சில நோயாளிக்கு ஹோமோசிஸ்டீன் மட்டும் ஏறும், சிலருக்கு மெத்தில்மலோனிக் ஆசிட் மட்டும், சிலருக்கு ரெண்டும். ஒரே புள்ளி, மூணு நோய். கோட்ட மட்டும் எண்ணிக்கிட்டு இருந்தா இது தெரியவே தெரியாது.

கேள்வி: எங்க பாட்டி முட்டை கூட தொட்டதில்ல, 90 வயசு வரைக்கும் திடமா இருந்தாங்க. இப்ப எல்லாருக்கும் பி12 குறையுதே, ஏன்? (தஞ்சாவூர் வாசகி)

பாட்டி பாலும் தயிரும் மோரும் எவ்வளவு சேத்தாங்கன்னு யோசிச்சு பாருங்க, அதுல பி12 இருக்கு. கல்லீரல்ல வருஷக்கணக்குக்கு சேமிப்பும் இருக்கும். இன்னொரு சுவாரசியமான விஷயம் நம்ம வேலூர்ல இருந்து வந்தது, சிஎம்சியில ஆல்பர்ட், மாத்தன், பேக்கர் மூணு பேரும் 1980ல நேச்சர் பத்திரிகையில எழுதினாங்க, ஆரோக்கியமான தென்னிந்தியர்களோட சிறுகுடல்ல இருக்கற சில பாக்டீரியாவே பி12 தயார் பண்ணுதுன்னு. பெருங்குடல் பாக்டீரியாவும் தயார் பண்ணும், ஆனா அது உறிஞ்சற இடத்த தாண்டி கீழ இருக்கு, நமக்கு பிரயோஜனம் இல்ல. சிறுகுடல்ல தயாரானா கியூபிலின் கிட்ட போக வழி இருக்கு. ஆனா இத நம்பி சும்மா இருந்துடாதீங்க, ஏன்னா குடுக்கற பாக்டீரியா மாதிரியே பிடுங்கற பாக்டீரியாவும் இருக்கு, பாக்டீராய்ட்ஸ்ங்கற வகையோட மேல் தோல்ல பிடியூஜின்னு ஒரு புரோட்டீன், இன்ட்ரின்சிக் ஃபேக்டர் கையில இருந்தே பி12ஐ பறிக்கற அளவுக்கு அதுக்கு பிடி இறுக்கம்னு 2018ல காட்டினாங்க. மனுஷ புரோட்டீன் மட்டும் போட்ட மேப்ல இந்த ஆள் எங்க இருப்பார் சொல்லுங்க.

கேள்வி: வைட்டமின் ஏக்கும் இதே மாதிரி வரிசை உண்டா? (புதுச்சேரி வாசகர்)

உண்டு. கல்லீரல்ல இருந்து வைட்டமின் ஏ கெளம்பும்போது ஆர்பிபி4ன்னு ஒரு சின்ன புரோட்டீன் தூக்கிட்டு வரும், சின்னதா இருக்கறதால தனியா வந்தா கிட்னி வடிகட்டில நழுவி யூரின்ல போயிடும், அதனால டிரான்ஸ்தைரெட்டின்னு பெரிய ஆள் ஒருத்தர் தோள்ல கை போட்டு கூட்டிட்டு வருவார். சாப்பாட்டுல புரோட்டீன் சுத்தமா இல்லாத குழந்தைக்கு இந்த தூக்கற ஆளே கம்மி, அதனால கல்லீரல்ல இருப்பு இருந்தாலும் ரத்தத்துல ஏ குறைவா காட்டலாம். டி பத்தி அடுத்த இதழ்ல தனியா எழுதறேன், கிட்னியில அதையும் திரும்ப புடிக்கறதுல இதே கியூபிலினுக்கு பங்கு உண்டு.

கேள்வி: எங்க அண்ணன் பையனுக்கு மூணு வயசு. ரத்தசோகைன்னு ஒரு டாக்டர், யூரின்ல புரோட்டீன் போகுதுன்னு கிட்னி டாக்டர், ரெண்டு பக்கமும் அலையறாங்க. நீங்க எழுதினத படிச்சதும் ரெண்டும் ஒண்ணா இருக்குமோன்னு தோணுது. (நாகர்கோவில் வாசகி)

குழந்தைய பாக்காம நான் எதுவும் சொல்லக் கூடாதும்மா. ஆனா உங்களுக்கு தோணினது நியாயமான கேள்வி, அத குழந்தை டாக்டர்கிட்ட அப்படியே கேளுங்க. கியூபிலினும் அம்னியான்லெஸும் ஜோடியா குடல்ல மட்டும் இல்ல, கிட்னியிலயும் நிக்குது, அங்க அதோட வேலை யூரின்ல தப்பி வர்ற புரோட்டீன்கள திரும்ப உள்ள இழுக்கறது. இந்த ஜோடியில ஒண்ணு பிறவியிலேயே பழுதுன்னா குடல்ல பி12 ஏறாம ரத்தசோகை வரும், கிட்னியில புரோட்டீன் ஒழுகும். 1960ல நார்வேல இமர்ஸ்லுண்டும் ஃபின்லாந்துல கிராஸ்பெக்கும் தனித்தனியா இப்படிப்பட்ட குழந்தைகள பத்தி எழுதினாங்க, ரெண்டு பேர் பேரையும் சேத்துத்தான் அந்த நோய்க்கு பேரு. அபூர்வமான நோய், ரத்தசோகைக்கும் யூரின் புரோட்டீனுக்கும் வேற காரணங்கள்தான் அதிகம். ஆனா பி12 அளவு பாத்தாங்களா, ரத்த செல்கள் சைஸ் பெருசா இருந்துச்சான்னு ரெண்டு ரிப்போர்ட்டையும் ஒரே டாக்டர் மேஜை மேல வச்சு கேளுங்க. அதுவா இருந்தா வழி இருக்கு, குடல தாண்டி ஊசியா பி12 போட்டா ரத்தம் நல்லா தேறிடும், ஊசிய ஆயுசுக்கும் விடாம போட்டுக்கணும். யூரின்ல புரோட்டீன் போறது மட்டும் அப்படியே இருக்கும், அதனால கிட்னி கெட்டுப்போறது பெரும்பாலும் இல்ல.